மரத்துப்போன கையும் மௌனமான சட்டமும்

நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை முதலாளி தன் செலவில் உடல் பரிசோதனை செய்து தரவேண்டும். 2025 நவம்பர் 21-ஆம் நாள் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது மத்திய சர்க்கார் பறைசாற்றிய சலுகைகளில் இதுவும் ஒன்று. அந்தத் தொகுப்புகளுக்குள் தொழிலாளியை இறுக்கும் முடிச்சுகள் எத்தனை என்பதை வேறொரு நாள் எழுதுவோம். இன்று இந்த ஒரு சலுகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பரிசோதனை வேண்டாம் என்று யார் சொல்வார்? வரட்டும். ஆனால் எதைப் பரிசோதிப்பார்கள்?

எடை பார்ப்பார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சர்க்கரை பார்ப்பார்கள். மார்பிலே குழாயை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். சீட்டிலே கையெழுத்துப் போட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தோலோடும் பசையோடும் காலம் தள்ளுகிற நம் தோழர்களின் கையைப் பிடித்து, "இந்த விரல் நுனியில் உணர்வு இருக்கிறதா?" என்று எவரேனும் கேட்பார்களா?

கேட்கவேண்டும் என்கிறோம். ஏனென்றால், உணர்வு போன கை என்ன ஆகும் என்பதை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த ஊர் வேலூர். பாலாற்றங்கரையில் பிறந்த அந்தப் பாடம் பாரெங்கும் போயிற்று. பக்கத்திலிருக்கும் ஷூ கம்பெனி வாசலை மட்டும் அது தாண்டவில்லை.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1949-இல், நம் நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கனடாவிலே மான்ட்ரியல் நகரில், மூளையை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர். 1951-இல் சென்னையில் இந்திய நரம்பியல் கழகம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. மூளைக்காய்ச்சல் வகைகளில் ஒன்றான ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-இல், இதே வேலூர் வட்டாரத்தில். பிள்ளைகளின் முதுகுத் தண்டு நரம்பணுக்களைத் தாக்கிக் காலை முடமாக்கிய இளம்பிள்ளை வாதத்தின் தடுப்பு மருந்து, நம் நாட்டுக் குழந்தைகளுக்கு ஏன் எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை என்று ஆராய்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் இந்த ஆஸ்பத்திரிக்காரரே. இவற்றையெல்லாம் விரித்தால் பத்திரிகை கொள்ளாது. நாம் சொல்லவந்தது கையைப் பற்றி.

பால் பிராண்ட் என்றொரு டாக்டர். பெயர் வெள்ளைக்காரப் பெயர். பிறந்தது 1914-இல் நம் கொல்லிமலையில். மருத்துவம் படிக்கும் முன் கட்டடவேலையும் தச்சுவேலையும் கற்றவர். உளி பிடித்த கைக்கு மற்றவர் கையின் அருமை தெரியும் போலும்! 1946-இல் வேலூருக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் விடுதியில், விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்துபோன ஒருவர், செருப்பைக் கழற்ற முடியாமல் தவிப்பதைக் கண்டார். அவர் கையைத் தன் கையில் வாங்கி, "அழுத்து" என்றார். அழுத்தினார் நோயாளி. வலி தாங்காமல் துடித்தவர் டாக்டர்! முடம் என்று ஊர் ஒதுக்கிய கைக்குள் அவ்வளவு வலு இருந்தது. ஆகவே முழங்கைக்குக் கீழுள்ள பெருந்தசைகள் சாகவில்லை. உள்ளங்கையின் சிறு தசைகளை ஆட்டும் நரம்புதான் செத்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். நன்றாயிருக்கும் தசையின் நாணை எடுத்து வேறு வழியில் திருப்பிப் பொருத்தி, 1948 முதல் அந்தக் கைகளை நிமிர்த்தத் தொடங்கினார். மடங்கிய விரல் விரிந்தது. பிச்சை ஏந்திய கை தொழில் செய்தது.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகுங்கூட, கிருமிதான் விரலைத் தின்கிறது, சதை தானாகவே அழுகி விழுகிறது என்றே டாக்டர்கள் பலரும் நம்பிவந்தனர். பாமரர் மட்டும் முற்பிறவிப் பாவம் என்று சொல்லி வந்ததற்கு நாம் என்ன குறை சொல்வது? வேலூரில் உண்மை வெளிப்பட்டது. அந்தக் கிருமி குளிர்ச்சியான இடத்தை விரும்புவது. நரம்பு எங்கெங்கே தோலுக்கு அருகில் ஓடுகிறதோ, அங்கே குடியேறும். முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் சுரீரென்று சுண்டுவிரல் வரை பாயுமே, அந்த நரம்பு ஓடும் இடம் அதற்கு மிகப் பிடித்த இடம். அங்கே நரம்பு வீங்கும். வீங்கிய நரம்பு நசுங்கும். நசுங்கியபின் கைக்குச் சூடு தெரியாது, குத்துத் தெரியாது, வெட்டுத் தெரியாது.

பிராண்ட் பின்னாளில் தாமே சொன்ன நிகழ்ச்சி ஒன்று. சாமான் அறையின் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் "நான் திறக்கிறேன்" என்று சாவியைப் பிடித்துத் திருகினான். திறந்தது. கீழே பார்த்தால் இரத்தச் சொட்டுகள். எலும்பு தெரியச் சாவி விரலை அறுத்திருக்கிறது, பையனுக்குத் தெரியவில்லை! வலியை உணர்கிற எவனும் அந்த அளவுக்கு அழுத்தித் திருகியிருக்க மாட்டான். இரவில் இருந்த விரல் விடிந்ததும் காணோம் என்று சிலர் வந்தார்கள். கண்விழித்துக் காவலிருந்து பார்த்ததில், எலி கடித்துக்கொண்டு போவது தெரிந்தது. தூங்குகிறவன் விழிக்கவில்லை. வீடு திரும்பும் நோயாளிக்குப் பூனை ஒன்று கொடுத்தனுப்புவது வேலூர் வைத்தியத்தில் ஓர் அங்கமாயிற்று. சிரிக்கவேண்டாம் தோழர்களே, அந்தப் பூனை எத்தனையோ விரல்களைக் காத்தது.

விரலைத் தின்றது கிருமியல்ல. வலி அற்றுப்போனதுதான் தின்றது. காயம்பட்டதே தெரியாமல், பட்ட இடத்திலேயே மீண்டும் மீண்டும் பட்டு, சீழ் வைத்து, எலும்பு கரைந்தது. வலி எதிரி அல்ல, காவற்காரன் என்று அன்று தெரிந்தது. 1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தபின் இந்த வேலை பெருகிற்று. 1954-இல் விபத்தில் முதுகுத் தண்டு அறுபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இந்தக் கைகளுக்கு அறுவை செய்தார். தன் கால் உணர்வற்றுப் போனவர், உணர்வற்ற கைகளைச் சீராக்கினார்! அவர்கள் மதப்பணிக்கென வந்த ஸ்தாபனத்தார் என்பது நமக்குத் தெரியும். அதுபற்றி நமக்கு வழக்கில்லை. கண்டது விஞ்ஞானம், விஞ்ஞானம் எல்லோருக்கும் சொந்தம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உணர்வற்ற பாதத்துக்கு எந்தச் செருப்பு பொருந்தும் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, நுண்துளை ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பை இங்கே உருவாக்கினார்கள். ஒரே அடியில் உண்டாகும் காயத்தைவிட, ஒரே இடத்தில் ஆயிரம் முறை விழும் சிறு அழுத்தமே புண்ணாக்குகிறது என்று அளந்து சொன்னார்கள். இன்று சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மெத்துச் செருப்பின் பின்னாலும் இந்தப் பாடம் இருக்கிறது. செருப்பு தைத்து உலகத்துக்கு அனுப்புகிற வட்டாரத்தில், கால் நரம்பைப் பற்றிய பாடமும் செருப்பு வடிவத்திலேயே பிறந்தது.

செருப்பு தைப்பவன் நரம்பைப் பற்றிய பாடம் எங்கே?

தொடாதே என்று ஊர் ஒதுக்கிய கைகள் இரண்டு. ஒன்று தொழுநோயாளியின் கை. மற்றொன்று தோல் தொட்ட கை. முதல் கையைப் பிடித்து, அழுத்து பார்க்கலாம் என்று சொல்ல ஒரு டாக்டர் வந்தார். இரண்டாவது கையைப் பிடித்துப் பார்க்க எவர் வந்தார்?

தோல் ஷாப்பிலிருந்து தொடங்குவோம். மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவோடு பிற்பாடு அமிலக் கழிவு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்புகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் அறியாத சங்கதி ஒன்று உண்டு. வாயு கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாற்றம் தெரியும். அளவு ஏறியதும் மூக்கின் நரம்பு மரத்துப்போகும்; நாற்றம் நின்றுவிடும். குழியருகே நிற்கிறவன், "இப்போது பரவாயில்லை" என்று இறங்குவான். இன்னும் ஏறினால் மூச்சை நடத்துகிற மூளைப் பகுதியே முடங்கி, இறங்கியவன் அப்படியே சாய்வான். சாய்ந்தவனைத் தூக்க இறங்குகிறவனும் சாய்வான். இந்த வட்டாரத்துக் கழிவுக் குழிகளில் ஒருவர்பின் ஒருவராக மாண்ட செய்திகளை எத்தனை முறை அச்சிட்டிருக்கிறோம்! "அஜாக்கிரதை" என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். துருப்பிடித்த சாவியைத் திருகிய சிறுவனையும் அஜாக்கிரதை என்பார்களா? ஆபத்தைச் சொல்லும் நரம்பே செயலற்றுப்போன பிறகு ஜாக்கிரதை எங்கிருந்து வரும்? மூக்கை நம்பாமல், வாயுவை அளக்கும் கருவியை வைத்து அளந்த பிறகே குழியை நெருங்கவேண்டும். தோல் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கருவியின் விலை ஒரு பொருட்டல்ல.

குழியாவது ஒரு நொடியில் கொல்கிறது, ஊருக்குத் தெரிகிறது. ஷூ கம்பெனிப் பசை அப்படியல்ல.

மேல்தோலை ஒட்டவும் அடியை ஒட்டவும் நம்மவர் "சொல்யூஷன்" என்று சொல்லும் பசை உண்டல்லவா? பசையை இளக்கி வைத்திருக்கும் திரவங்களில் ஹெக்சேன் என்பது ஒன்று. பெட்ரோலியத்திலிருந்து வருவது, மலிவானது, சட்டென்று உலர்வது. உலர்கிறது என்றால் எங்கே போகிறது? காற்றில் போகிறது. காற்று எங்கே போகிறது? பூசுகிறவர் மூச்சில் போகிறது. உடலுக்குள் போன ஹெக்சேன், ஈரலில் மாறுதலடைந்து ஹெக்சேன்டையோன் என்ற நஞ்சாகிறது. அது நரம்பைக் கெடுக்கிறது.

எப்படி? முதுகுத் தண்டிலிருந்து கால்விரல் வரை நரம்பு இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அந்த நீளத்துக்கும் வேண்டிய உணவும் பொருளும் தண்டிலுள்ள உயிரணுவிலிருந்தே ஓடிவர வேண்டும். ஏரித் தண்ணீர் வாய்க்காலில் ஓடிவருவது போல. நஞ்சு அந்த ஓட்டத்தை இடையிலே அடைக்கிறது. இழை அங்கங்கே வீங்குகிறது. வாய்க்கால் அடைபட்டால் முதலில் காய்வது எது? கடைமடை. நரம்பிலும் கடைமடைதான் முதலில் காய்கிறது. கால்விரல் மரக்கும், பிறகு பாதம், பிறகு கைவிரல். சாக்ஸ் போட்டதுபோல், கையுறை போட்டதுபோல், இரு பக்கமும் ஒரே அளவில் ஏறும். பிறகு கால் தளரும். படி ஏற முடியாது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது.

இது நம் கற்பனையல்ல. பென்சீன் இரத்தத்தைக் கெடுக்கிறதென்று அதைக் குறைத்து, அதற்குப் பதிலாக ஹெக்சேன் பசை வந்தபோது, இத்தாலியில் ஷூ தொழிலாளர்கள் பலர் கால் விழுந்தார்கள். 1960-களில் ஜப்பானில் வீட்டிலேயே செருப்பு ஒட்டிய பெண்களுக்கு இதே கதி. 2009-இல் சீனாவின் சூசௌ நகரில், கைப்பேசித் திரையை ஹெக்சேனால் துடைத்த 137 தொழிலாளர் நரம்பு கெட்டு நோயில் விழுந்தனர். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் ஹெக்சேனும் இருக்கிறது, ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கிறது. பசையில் பெரும்பாலும் சேர்க்கப்படும் மெதில் எதில் கீடோன், தனியாக இருந்தால் நரம்பை இவ்வளவு கெடுப்பதில்லை. ஹெக்சேனோடு கூடினால் அதன் நஞ்சைப் பெருக்கிவிடுகிறது. டின்னில் இரண்டும் கூட்டாளிகளாக இருக்கின்றனவா என்று பார்ப்பது யார் வேலை?

இங்கே ஒரு சூது இருக்கிறது. வக்கீல்கள் பிற்பாடு எடுத்து வீசக்கூடிய சூது. ஹெக்சேன் நோயில், வேலையை விட்டவுடன் உடம்பு தேறுவதில்லை. விட்ட பிறகும் சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்கள், நோய் முற்றிக்கொண்டே போகும். அதன் பிறகுதான் தேறத் தொடங்கும். ஒரு தங்கையை நினைத்துப் பாருங்கள். கால் எரிகிறது, மரக்கிறது என்று வேலையை விட்டு வீட்டில் உட்காருகிறாள். இரண்டு மாதம் கழித்து எழுந்து நடக்க முடியவில்லை. கம்பெனிப் படியேறிக் கேட்டால் என்ன பதில் வரும்? "இங்கே இருந்தபோது நன்றாகத்தானே இருந்தாய்? போனபிறகு வந்த நோய்க்கு நாங்கள் என்ன செய்வோம்?" என்பார்கள். பதில் நியாயம்போலத் தோன்றும். நரம்பு விஞ்ஞானம் தெரிந்தவருக்குத்தான் அது பொய் என்று தெரியும். செத்த நுனி மீண்டும் வளர்வதும் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். மாதத்துக்கு ஓர் அங்குலம். முழங்காலிலிருந்து பாதம் வரை வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த வருஷத்துக்கு அடுப்பு எரிய வழி?

மற்றொரு பதிலும் தயாராக இருக்கும்: "சர்க்கரை வியாதியம்மா." இருக்கலாம். கால் மரக்க எத்தனையோ காரணம் உண்டு. சர்க்கரை உண்டு, சத்துக் குறைவு உண்டு, தொழுநோயும் இன்னும் ஒழிந்துவிடவில்லை. 2005-இல் தேசிய அளவில் ஒழித்தோம் என்று அறிவித்தாயிற்று. ஆனாலும் ஆண்டுதோறும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டவர் நம் நாட்டவரே. எது எந்த நோய் என்று பிரித்தறியும் கலை வேலூரில் வளர்ந்த கலைதானே? தொழுநோயில் இங்கொரு நரம்பு, அங்கொரு நரம்பாகக் கெடும். தோலிலே தேமல் இருக்கும். பசை நோயில் இரு கால்களும் சேர்ந்து மரக்கும். தேர்ந்த டாக்டர் ஒரு நைலான் இழையையும் ஓர் இசைக்கவையையும் வைத்துப் பாதி விடையைச் சொல்லிவிடுவார். மின்கருவி வைத்து நரம்பின் வேகத்தை அளந்தால் மீதியும் தெரியும். பாதத்தில் நைலான் இழையை வளையும் வரை அழுத்தி, "தெரிகிறதா?" என்று கேட்கிற சோதனைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இப்போது சட்டத்துக்குத் திரும்புவோம். நாற்பது வயது என்கிறார்களே, ஹெக்சேனுக்கு வயது தெரியுமா? ஷூ கம்பெனிகளில் ஷிப்ட் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைப் பாருங்கள். பெரும்பாலோர் பெண்கள். இருபதும் முப்பதும் ஆனவர்கள். இந்த நரம்பு நோய் சில மாதப் பூச்சு வேலையிலேயே வரக்கூடியது. நாற்பது வயதுக்குக் காத்திருக்கும் சட்டம், இவர்களுக்கு எதைக் காத்துத் தரும்? அது மட்டுமா? 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றது. புதிய தொகுப்பு 20 பேர் என்கிறது. பசை நாற்றம் மூக்கைத் துளைக்கும் சிறு பட்டறைகளில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று நாம் சொல்லவேண்டுமா? காற்றோட்டமில்லாத அறையில் 15 பேர் உட்கார்ந்து பூசினால், அது தொழிற்சாலையே இல்லையாம்! பீஸ் கணக்கில் வீட்டுக்கு வேலை வாங்கிப் போகும் பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜப்பானில் முடமானவர்களில் வீட்டில் ஒட்டியவர்களும் இருந்தார்கள் என்பதை மேலே சொன்னோம்.

ஐரோப்பாவிலே 2015 மே மாதம் முதல் ஒரு விதி. மேனியில் படும் தோல் சாமானில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறாம் நிலைக் குரோமியம் இருக்கக்கூடாது. நல்ல விதி. அங்கே ஷூ மாட்டுகிறவன் காலுக்கு அரிப்பு வரக்கூடாது என்று, இங்கே ஒவ்வொரு சரக்கையும் சோதித்துச் சீட்டு வாங்கி அனுப்புகிறார்கள். மில்லிகிராமை அளக்கத் தெரிந்தவர்களுக்கு, அதே ஷூவை ஒட்டிய பெண்ணின் கால்விரலை ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்க்கத் தெரியாதா? 1996-இல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவனே ஈடு தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது. பாலாற்றுத் தண்ணீரைக் கெடுத்ததற்குச் சொன்ன நியாயம், நரம்பைக் கெடுத்தால் செல்லாதா?

நாம் கேட்பது பெரிய சங்கதியல்ல. பசையோடும் கரைப்பானோடும் வேலை செய்கிற எவருக்கும், வயது பாராமல், வேலையில் சேரும்போதும் ஆறு மாதத்துக்கொரு முறையும் கை கால் உணர்ச்சிச் சோதனை நடக்கவேண்டும். சீட்டின் நகல் தொழிலாளி கையில் இருக்கவேண்டும். விட்டுப் போனபிறகு ஆறு மாதத்துக்கு அந்த உரிமை தொடரவேண்டும். ஹெக்சேன் இல்லாத பசை உண்டு, நீரில் கரையும் பசையும் உண்டு. வாங்குகிறவன் கேட்டால் மாற்றுகிற முதலாளி, ஒட்டுகிறவள் கேட்டாலும் மாற்றட்டும். வேலூரும் கரிகிரியும் பக்கத்திலிருக்கும்போது இதற்கு டாக்டர் இல்லை என்று சொல்ல முடியாது. மாநில சர்க்கார் விதி எழுதும்போது இதையும் எழுதவேண்டும்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்கா போனபின் ஒரு முயற்சி செய்தார். உணர்வற்ற கைக்குச் செயற்கை வலி கொடுக்கும் கையுறை. அழுத்தம் மிஞ்சினால் ஓசை எழுப்பும். பிறகு மின்னதிர்ச்சியே கொடுக்கும். நோயாளிகள் என்ன செய்தார்கள்? அவசர வேலை வந்தால் அதை அணைத்துவிட்டுச் செய்தார்கள். கடைசியில் திட்டத்தைக் கைவிட்டார். பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் நம் தோழர்களுக்கு இது புதிதல்ல. கால் எரிகிறது என்று தெரிந்தும், இன்றைய கணக்கு முடியட்டும் என்று பூசிக்கொண்டே இருப்பவர்கள்தாம் நாம்.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன், உங்கள் கம்பெனியில் பயன்படும் பசை டின்னின் மேல் அச்சிட்டிருப்பதை எழுத்து விடாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். டின்னில் ஒன்றும் எழுதவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். கால்விரல் மரக்கிறவர்கள், எரிகிறவர்கள், செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு லைனிலும் எண்ணுங்கள். தொழில்நோய்களைப் பற்றி 1700-இல் முதன்முதலாக நூல் எழுதிய இத்தாலி டாக்டர் ராமசினி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்ற கேள்வியையும் சேர்க்கச் சொன்னார். அவசரத்தில் டாக்டர் அதைக் கேட்காமல் விட்டுவிடலாம். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நீங்களே முதலில் சொல்லுங்கள்: "பசை பூசுகிற வேலை, இத்தனை வருஷமாக." சீட்டில் அதை எழுதச் சொல்லி, எழுதிய பிறகு வெளியே வாருங்கள்.